பியாங்கா பனோவாவையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இசைக்கேற்ப கயிறு, வளையம் போன்றவற்றைக் கையாண்டு ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் எப்போதாவது நான்கு வரி வருகிறது. அதிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள் மட்டும்தான். பல்கேரியாவின் பியாங்கா பனோவா அந்தப் பட்டியலில் இல்லை என்பதாலேயே அவரை மறந்துவிடுவது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

நெஷ்கா ரோபேவாவிடம் பயிற்சி பெற்ற 'தங்கப் பெண்கள்' என்ற பல்கேரிய அணியில் ஒருவர் அவர். 1987இல் சொந்த நாட்டின் வர்னா நகரில் நடந்த உலகப் போட்டியில் கயிறு, வளையம், கிளப் (சிறு கைத்தடி போன்ற கருவி), ரிப்பன் எதை எடுத்தாலும் பத்துக்குப் பத்து. ஐந்து தனிநபர் தங்கமும் அவருக்கே. அப்போது வயது 17.

அடுத்த ஆண்டு சியோல் ஒலிம்பிக். தகுதிச் சுற்றில் மேலே வீசிய கிளப் ஒன்று கைக்கு வராமல் தரையில் விழுந்தது. அவ்வளவுதான். அந்தக் காலத்து விதிப்படி தகுதிச் சுற்றுப் புள்ளியில் பாதி இறுதிக் கணக்கிலும் சேரும். தங்கம் வென்ற சோவியத் வீராங்கனை மரினா லோபாச் 60க்கு 60 எடுத்த போட்டியில் அந்த ஒரு நழுவலை எப்படி ஈடுகட்ட முடியும்? பனோவாவுக்குக் கிடைத்தது நான்காம் இடம்.

சரி, பதக்கம் இல்லை. அதற்காக வர்னாவில் அவர் ஆடியது இல்லாமல் போய்விடுமா? ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளராகவும் இருந்தவர் அவர். அடுத்த முறை இந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது அவருக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்