இடுப்பிலிருந்து திரும்பட்டும்

பெரம்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கும்பகோணத்துக்காரிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லை என்று திட்டித் தீர்த்திருப்பாய். வீட்டில் வெள்ளையடிப்பு, அதற்கு நடுவில் என் வலது முழங்கால், போதாக்குறைக்கு மெட்ரோ வேலைக்காக இந்தப் பக்கத்துச் சாலைகளை மாற்றி மாற்றி அடைக்கிறார்கள். பாலே வகுப்புக்குப் போக நேற்று வந்த வழி இன்று இல்லை. இவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மாலையானால் என் வகுப்பு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளை அழைத்து வரும் அம்மாக்களிடம் ஊர்க்கதை பேசுகிறார். கட்டணம் கட்டாதவர்கள் இவரைப் பார்த்தால் நழுவுகிறார்கள். அந்த வகையில் உபயோகம்தான்.

இத்தனை வருஷ நட்பில் நீ என்னிடம் தொழில் சந்தேகம் கேட்பது இதுதான் முதல் தடவை. கடிதத்தை மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன், பிறகு நீ மறுத்தால் காட்டுவதற்கு. உன் பரதநாட்டிய வகுப்பில் எட்டு வயதுச் சிஷ்யை முழங்காலை வெளிப்பக்கம் மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது என்று அழுகிறாள், அவளுடைய அம்மா அதை அடம் என்கிறாள், “பாலேயில் நீங்களும்தானே காலை அகட்டி வைத்து ஆடுகிறீர்கள், நீ என்ன செய்கிறாய்?” என்று கேட்டிருக்கிறாய். நான் என்ன செய்தேன் என்பதை முதலில் சொல்கிறேன். அது பெருமையான கதை இல்லை.

பத்து வருஷத்துக்கு முன்பு காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஒன்பது வயது. ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. பாலேயில் ஐந்தாம் நிலை என்று ஒன்று உண்டு: ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றதை ஒட்டி வைத்து, ஒன்றின் குதிகால் இன்னொன்றின் விரலோடு பொருந்த நிற்பது. மேடையில் அழகாக இருக்கும் என்பதற்காக அதை அவளிடம் எதிர்பார்த்தேன். “இன்னும் திருப்பு, இன்னும் திருப்பு” என்று ஒரு மாதம் கத்தினேன். அவளும் திருப்பினாள். எப்படித் திருப்புகிறாள் என்று நான் பார்க்கவில்லை. முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தை வேண்டிய அளவு அகட்டித் தரையில் ஊன்றிக்கொண்டு, அதன் பிறகு காலை நிமிர்த்தியிருக்கிறாள். பாதத்தைத் தரை பிடித்துக்கொண்டது. தொடை அதனுடன் சேர்ந்து திரும்பவில்லை. நடுவில் மாட்டிய முழங்கால் முறுக்கு வாங்கியது. விழா முடிந்த வாரமே உள்பக்கம் வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு அவள் வகுப்புக்கு வரவேயில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது.

உனக்குத் தெரியாததா? இடுப்பு மூட்டு கிண்ணத்தில் பந்து வைத்தது போல எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கால் கதவுக் கீல். மடங்கும், நிமிரும், அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. கால் வெளிப்புறம் திரும்புவது தொடை எலும்பு இடுப்புக் குழியில் சுழல்வதால். அந்தக் குழியின் ஆழமும் பார்த்திருக்கும் திசையும் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. சிலருக்குக் கால் தானாக மலரும், சிலருக்கு எத்தனை வருஷம் பயின்றாலும் ஓரளவுதான். இரண்டு பாதமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பாக்கிக் கணக்கை முழங்காலும் கணுக்காலும்தான் கட்டும்.

அதனால் இப்போது புதிதாகச் சேரும் பிள்ளையை நிற்க வைப்பதற்கு முன் படுக்க வைக்கிறேன். மல்லாந்து படுத்து, காலை நீட்டி, முழங்கால்கள் கூரையைப் பார்க்க வேண்டும். பிறகு பாதத்தை மறந்துவிட்டுத் தொடையை மட்டும் வெளிப்பக்கம் உருட்டச் சொல்கிறேன், சப்பாத்திக் கட்டையை உருட்டுவது போல. தரையின் பிடிப்பு இல்லாததால் அங்கே ஏமாற்ற வழியில்லை. எவ்வளவு உருள்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் அளவு. எழுந்து நின்றதும் அந்த அளவுக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவேன். பக்கத்தில் நிற்பவளின் கோடு அகலமாக இருந்தால் முகம் வாடும். வாடட்டும்.

அடுத்தது மடக்குவது. பிளியே என்றால் பிரெஞ்சில் மடங்கியது என்று பொருள். எங்கள் பிள்ளைகள் அதைப் ‘புளியே’ ஆக்கிவிட்டார்கள். “மிஸ், இன்றைக்கு எத்தனை புளி?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறார்கள். குதிகால் தரையில் இருக்க, பாதி அளவு மடங்குவது டெமி பிளியே. முதல் நிலையில் குதிகால்கள் ஒட்டியிருக்க அதைச் செய்தால் பார்ப்பதற்கு உன் அரைமண்டியின் தங்கை. ஆனால் நீங்கள் அதில் குடியிருக்கிறீர்கள், நாங்கள் அதைக் கடந்து போகிறோம். நான்கு எண்ணிக்கையில் இறங்கி நிற்காமல் நான்கில் ஏற வேண்டும். கிராண்ட் பிளியேயில் முழுதாக இறங்கும்போது குதிகால் தானாக எழும், அது உன் முழுமண்டி மாதிரி. முதல் வருஷத் தொடக்கத்தில் அதை நான் தொடுவதே இல்லை. இறங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். முழங்கால் பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேர் மேலே போக வேண்டும். அது உள்பக்கம் சாய்ந்தாலும், பாதத்தின் வளைவு தரையில் அமுங்கினாலும் பாதம் இடுப்பைவிட அதிகமாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். சாக்பீஸ் கோட்டைக் குறுக்கு.

உன் சிஷ்யையையும் இப்படிப் பார். பாதம் எங்கே பார்க்கிறது, முழங்கால் எங்கே பார்க்கிறது? இரண்டும் வேறு திசை என்றால் அவள் அடம் பிடிக்கவில்லை. முட்டியில் வீக்கமோ, ராத்திரியில் வலியோ இருந்தால் நம் வைத்தியம் வேண்டாம், எலும்பு டாக்டரிடம் அனுப்பிவிடு.

மற்றதெல்லாம் இதன் மேல்தான் எழுகிறது. முதல் சில மாதங்கள் இரண்டு கையாலும் பயிற்சிக் கம்பியைப் பிடித்து, அதைப் பார்த்தே நிற்பார்கள். நீ பார்த்தது அந்தப் பழைய மேசை விளிம்புதானே! ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ இந்திய டீச்சர் வீட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நான் கற்றபோது, நீ ஜன்னலில் தொற்றிச் சிரித்தாய். இப்போது என்னிடம் முறையான கம்பி இருக்கிறது. வியாசர்பாடி வெல்டிங் பட்டறையில் ஜிஐ பைப்பில் செய்தது, சின்னவர்களுக்கு ஓர் உயரம், பெரியவர்களுக்கு ஓர் உயரம். மழைக்காலத்தில் ஓர் அம்மா அதில் துப்பட்டாவைக் காயப் போட்டுவிட்டார்.

பிளியேக்குப் பிறகு தாந்தியூ, அதாவது நீட்டல். பாதத்தைத் தரையை விடாமல் தடவிக்கொண்டே போக வேண்டும். முதலில் குதிகால் விலகும், பிறகு விரல்களுக்கு அடியிலுள்ள சதை மேடு, கடைசியில் விரல் நுனி மட்டும் தரையில். வந்த வழியே திரும்ப வேண்டும். அதையும் முதலில் பக்கவாட்டில் மட்டும் சொல்லித் தருகிறேன். முன்னால் நீட்டினால் இடுப்பு கூடவே போகும், பின்னால் நீட்டினால் முதுகு வளையும், பக்கவாட்டில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு. பழைய ரஷ்யப் பாட முறையிலும் இந்த வரிசைதான். அக்ரிப்பினா வாகனோவா 1934-இல் எழுதிய பாடநூலை முதலில் படித்தபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. எல்லாவற்றையும் இவ்வளவு மெதுவாகச் சொல்ல வேண்டுமா என்று. காசிமேட்டுப் பெண்ணுக்குப் பிறகு அதைத் திரும்ப எடுத்தேன். தட்டடவு என்ற முதல் அடவைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் மெதுவான முதல் காலத்திலேயே நிற்கும் உன்னைப் பார்த்துச் சிரித்தவள்தானே நான்.

தாளத்தில் நீதான் எனக்கு உதவினாய், உனக்கே தெரியாமல். வால்ட்ஸ் என்றால் மூன்று எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எவ்வளவு எண்ணிக் காட்டினாலும் பிள்ளைகள் நான்காவதுக்குக் காலைத் தூக்கிவிடுவார்கள். பியானோ இசை போன் ஸ்பீக்கரில் ஓடுகிறது, அதுபாட்டுக்கு அது, இவர்கள்பாட்டுக்கு இவர்கள். ஒரு நாள் எரிச்சலில், உன் வீட்டுத் திண்ணையில் கேட்டது ஞாபகம் வந்து, ஸ்கேலால் கம்பியில் தட்டி “தகிட, தகிட” என்றேன். அடுத்த நிமிஷம் மொத்த வகுப்பும் வால்ட்ஸில் இருந்தது. நான்குக்குத் தகதிமி. தேர்வு எடுக்க வருகிற பெரியவர்கள் யாராவது கேட்டால் என்ன நினைப்பார்களோ, எனக்குக் கவலையில்லை.

குதிக்கிற பாடம் வரும்போதுதான் தரை வில்லங்கம் ஆகிறது. கூடம் சிமெண்ட் தரை. அதில் குதித்தால் அதிர்ச்சி நேராக முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் போய் உட்காரும். இரண்டு வருஷம் சேர்த்த பணத்தில் தச்சரை வைத்து, ரப்பர் துண்டுகளின் மேல் ரீப்பர் கட்டை அடித்து, அதற்கு மேல் இரண்டு அடுக்கு பிளைவுட் போட்டு, வினைல் விரித்தேன். தச்சர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “தரை ஆடக் கூடாதும்மா, ஆடினால் என் பேர் கெடும்” என்றார். ஆட வேண்டும் என்றுதானே போடச் சொல்கிறேன் என்று புரியவைப்பதற்குள் இரண்டு டீ ஆனது.

எங்கள் குதிப்புகளில் ஐந்து வகை. இரண்டு காலில் எழும்பி இரண்டில் இறங்குவது, இரண்டிலிருந்து ஒன்றில், ஒன்றிலிருந்து இரண்டில், ஒரு காலிலிருந்து மற்ற காலில், அதே காலில் எழும்பி அதே காலில். தாளத்தில் ஜாதி ஐந்து, எங்கள் குதிப்பும் ஐந்து என்று உன்னிடம் சொன்னால் சம்பந்தம் கற்பிக்காதே என்பாய். முதல் வகையைக் கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறோம். பிளியேயில் இறங்கி, தரையைத் தள்ளி, விரல், பாதம், குதிகால் என்று வரிசையாக இறங்கி, மறுபடி பிளியே. சத்தம் வரக் கூடாது. நீ தரையை அறைந்து ஒலி வாங்குகிறாய், நான் ஒலியே இல்லாமல் இறங்கச் சொல்கிறேன். இந்த இடத்தில் நம் இருவர் பிள்ளைகளையும் மாற்றிவிட்டால் இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடிக்கும்.

வியாசர்பாடியில் பந்து விளையாடுகிற பையன் ஒருவன், தங்கையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் நிற்பான். பன்னிரண்டு வயது. ஆறு மாதம் நின்றான். ஒரு நாள் தங்கை தவறு செய்தபோது வாசலிலிருந்தே “முட்டி உள்ளே போகிறது” என்றான். சரியாகச் சொன்னான். உள்ளே வா என்றேன். உயரம் நன்றாக எழும்புகிறான், ஆனால் இறங்கும்போது கீழ்த்தளத்து மளிகைக்கடைக்காரர் மேலே எட்டிப் பார்க்கிறார். வெறும் டெமி பிளியேயிலேயே அவனை இரண்டு மாதமாக வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். “மிஸ், இப்போது கோல் அடித்துவிட்டு இறங்கும்போது சறுக்கவில்லை” என்றான் போன வாரம்.

அம்மாக்களின் கேள்வி வேறு. போனில் பார்த்துவிட்டு, “நுனிக்காலில் நிற்கிற அந்த ஷூ எப்போது?” என்பார்கள். பாதத்து எலும்புகள் இன்னும் முற்றவில்லை, பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு முன் பேச்சே வேண்டாம், அதற்கும் சில வருஷம் ஒழுங்காகப் பயின்றிருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

நீ கடைசியில் வழக்கம்போல ‘வெள்ளைக்காரக் கூத்து’ என்று ஒரு குத்து வைத்திருக்கிறாய். ருக்மிணி தேவியே ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர்தான். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று தூண்டிவிட்டவர் பாவ்லோவாதான். 1936-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளி தொடங்கியதை நீ பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் இதை விட்டுவிடுகிறாய். ஒரு வரியாவது சேர்த்துக்கொள்.

மே மாதம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பிப்ரவரியில் லூர்து மாதா கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தால் பழைய கூட்டமே சேர்ந்திருக்கும். நம் வகுப்பில் கணக்கு போடத் தெரியாமல் அழுவாளே, அவள் இப்போது வங்கி மேலாளராம். வரும்போது தாளம் தட்டத் தட்டுக்கழி ஒன்று கொண்டு வா, ஸ்கேல் உடைந்துவிட்டது. அதற்கு முன் அந்தப் பிள்ளையைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு உருண்டது, வலது இடது இரண்டும் ஒன்றாக உருண்டதா என்று எழுது. பெரும்பாலும் ஒன்று குறையும். எந்தக் கால் என்று மறக்காமல் குறி.

உன் பெரம்பூர்க்காரி