ரேக்கின் முதுகுப்பக்கம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பல் இல்லை. சரி, கொஞ்சம் சோம்பலும்தான். மகள் வயலின் ஆரம்பித்திருக்கிறாள். சத்தம் வெளியே போகாத இடம் என் ரெக்கார்டிங் அறை ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, சாயங்காலம் முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டாள். அவள் வில்லைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன பிறகுதான் எனக்கு மேசை கிடைக்கிறது. கண்ணாடி பவரும் கூடிவிட்டது. பூதக்கண்ணாடி விளக்கு இல்லாமல் இப்போது ஒரு சாலிடர் கூட வைக்க முடிவதில்லை.

கடைசியில் நீயும் ஒரு அறையை ஒதுக்கி, கருவிகளை அடுக்க ரேக் வாங்கி, எல்லாக் கருவிகளின் வயரையும் ஒரே பலகையில் சேர்த்து, முன்னால் சின்ன வயர் குத்தி இணைத்துக்கொள்ளும் 48 முனை பேட்ச்பேயும் வாங்கிவிட்டாய் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். அந்தக் காலத்தில் ஒத்திகை நடக்கும்போது ஒயர் தடுக்கி விழுந்து ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்துக் கவிழ்த்தவன் நீ. உனக்குத்தான் பேட்ச்பே முதலில் தேவைப்பட்டிருக்க வேண்டும்.

பின்னால் எந்தக் கேபிள் போடுவது, எதில் சத்தம் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தாய். சத்தத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதே என்பதுதான் என் பதில். கேபிளின் தடிமனைப் பார், உறையை உரித்துப் பார், சாலிடர் வைத்துப் பார். உன் கைக்கும் ரேக்கின் பின்பக்க இடத்துக்கும் எது தோதுப்படுகிறதோ அதுதான் நல்ல கேபிள்.

எப்படி இவ்வளவு துணிச்சலாகச் சொல்கிறேன் என்று கேட்பாய். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் ஒரு கம்ப்ரஸரிலிருந்து பேட்ச்பேவுக்கு 3 மீட்டர், அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு ஒலியைக் கொண்டு போகும் இன்டர்ஃபேஸுக்கு 3 மீட்டர், முன்னால் குத்தும் வயரையும் சேர்த்து 7 மீட்டர் என்று வைத்துக்கொள். சாதாரண ஆடியோ கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் தன்மை, மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். ஆக மொத்தம் 700. கம்ப்ரஸரின் அவுட்புட் இம்பீடன்ஸ் (சிக்னல் வெளிவரும் முனையின் மின்தடை) 150 ஓம் என்றால், அந்தக் கேபிள் மேல் ஸ்தாயியை நறுக்கத் தொடங்கும் இடம் கிட்டத்தட்ட 15 லட்சம் ஹெர்ட்ஸ். மனிதக் காது எட்டுவது 20,000 வரைதான். உன் வயதும் என் வயதும் ஆன காதுக்கு அதுவும் இல்லை. மெல்லிய 24 கேஜ் கம்பியின் மின்தடையும் மீட்டருக்கு 0.1 ஓம் கூட வராது. எதிர்முனையில் 10,000 ஓம் இருக்கும்போது இதை யார் கண்டுகொள்வார்கள்?

கிடார் மட்டும் விதிவிலக்கு. அதன் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) பல ஆயிரம் ஓம் கொண்ட சுருள் என்பதால் கேபிள் நீள நீள சத்தம் நிஜமாகவே மங்கும். கேபிளுக்குத் தனிக் குரல் உண்டு என்ற நம்பிக்கை கிடார்காரர்களிடமிருந்துதான் மற்ற வயர்களுக்கும் பரவியது என்று எனக்கு ஒரு சந்தேகம். கிடாரை நேராக, அதன் சிக்னலை மைக் சிக்னல் மாதிரி மாற்றிக் கொடுக்கும் டிஐ பாக்ஸிலோ, சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பிலோ மாட்டிக்கொள். பேட்ச்பே வழியாகக் கொண்டு போகாதே.

இந்தக் கணக்கெல்லாம் தெரியாமல் நான் செய்த கூத்தைக் கேள். முதல் தடவை ஆசைப்பட்டு எல்லாவற்றுக்கும் ஸ்டார் குவாட் வாங்கினேன். உள்ளே இரண்டுக்குப் பதில் நான்கு கம்பிகள், சுற்றிலும் நெருக்கமான செம்புப் பின்னல், வெளித்தடிமன் 6 மில்லிமீட்டர். கேபிளில் குறை ஒன்றும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கும் விளக்கு டிம்மருக்கும் பக்கத்தில் ஓடும் மைக் வயருக்கு அதைப் போல ஒன்று கிடைக்காது. காந்தப்புலத்தால் வரும் ஹம்மை, அதாவது தொடர் ரீங்காரத்தை, அந்த நான்கு கம்பி முறுக்கு நன்றாக அடக்கும். ஆனால் நான் அதைப் போட்டது மூன்று மீட்டர் லைன் லெவலுக்கு, அதாவது மைக்கை விட வலுவான சிக்னலுக்கு. 48 கேபிளையும் சேர்த்துக் கட்டியபோது கட்டு 5 சென்டிமீட்டர் தடிமனுக்கு வந்து நின்றது. பேட்ச்பேயின் உயரமே 44 மில்லிமீட்டர்தான்! பெட்டியை விட அதன் வால் பெரிது. ரேக்கின் பின்கதவை மூட முடியவில்லை. எடை தாங்காமல் ஓரத்து ஜாக்குகள் கீழ்நோக்கிச் சாய்ந்தன.

வேலை அதை விடக் கொடுமை. ஒவ்வொரு முனையிலும் பின்னலை ஊசியால் பிரித்து, சீப்பால் வாருவது போல் வாரி, முறுக்கி, ஒரே நிறக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, அப்புறம் சாலிடர். ஒரு முனைக்குக் கால் மணி நேரம் என்றாலே 96 முனைக்கு 24 மணி நேரம். இரண்டு வருடம் அதோடு குடும்பம் நடத்திவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன்.

இப்போது பின்னால் இருப்பது மெல்லிய ஃபாயில் கேபிள். இரண்டு கம்பி முறுக்கு, அதன் மேல் வெளி இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டாக அலுமினிய ஃபாயில், கூடவே அதைத் தொட்டபடி ஓடும் உறையில்லாத ஒரு டிரெய்ன் வயர். தடிமன் மூன்றரை மில்லிமீட்டருக்குள். ஃபாயில் முழுமையாக மூடும், முனையில் பிரித்து வாரவும் வேண்டாம். டிரெய்ன் வயரை மட்டும் பிளக்கின் ஸ்லீவில் வைத்தால் போதும் (பிளக்கின் நுனி டிப், நடு வளையம் ரிங், அடிப்பகுதி ஸ்லீவ்). பெல்டன் 8451 இந்த வகையில் பழைய பேர்போன கேபிள். அதில் ஃபாயிலைத் தனியாகக் கிழித்தெடுக்க வேண்டும். 9451-இல் ஃபாயில் வெளியுறையோடே ஒட்டியிருப்பதால் ஒரே வெட்டில் இரண்டும் கழன்று வந்துவிடும். 96 முனை முடிக்கும்போது இந்தச் சின்ன வித்தியாசத்தின் அருமை தெரியும். டிரெய்ன் வயர் மேல் மறக்காமல் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஏற்று. இல்லையென்றால் அது பிளக்குக்குள் டிப்பைத் தொட்டுவிடும். தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழு ராத்திரி போகும்.

ஃபாயிலுக்கு ஒரு பலவீனம் உண்டு. திரும்பத் திரும்ப வளைத்தால் உள்ளேயே கிழிந்துவிடும். ரேக்குக்குப் பின்னால் ஒரு தடவை கட்டிய பிறகு யாரும் ஆட்டப் போவதில்லை, அதனால் அங்கே கவலையில்லை. முன்னால் தினமும் குத்திப் பிடுங்கும் பேட்ச் கார்டுக்கு மட்டும் பின்னலோ சுருள் ஷீல்டோ உள்ள இளகிய கேபிள் வேண்டும். பணத்தை அங்கே தாராளமாகப் போடு. அதற்கு அடுத்தபடி பிளக்குகளில் போடு. எனக்குத் தெரிந்து ஸ்டுடியோவில் பழுதாவது நடுக் கேபிள் இல்லை, முனைகள்தான்.

வீட்டில் நெட்வொர்க் கேபிள் ஒரு சுருள் மிச்சம் இருக்கிறது, அதைப் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாய். தயக்கமே வேண்டாம், நல்ல கேள்வி. மின்கணக்குப்படி அது பாஸ்தான். முறுக்கு ஜோடி என்பதே 1881-இல் கிரகாம் பெல் தொலைபேசிக்காகப் பேட்டன்ட் வாங்கிய யோசனை. நீ முன்னால் குத்தப் போகும் கால் அங்குல ஜாக்கும் பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் பலகையிலிருந்து வந்ததுதான். கேட் 5 என்ற அந்த நெட்வொர்க் கேபிளில் நாலு ஜோடி இருக்கும், கெப்பாசிட்டன்ஸும் ஆடியோ கேபிளில் பாதிதான். சிக்னலை இரண்டு கம்பிகளில் எதிரெதிராக அனுப்பும் பேலன்ஸ்டு லைனுக்கு ஷீல்ட் இல்லாமலே பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆனால் சுவருக்குள் ஓட்டும் வகையில் கம்பி ஒற்றைத் திடக்கம்பியாக இருக்கும். சாலிடருக்குப் பக்கத்தில் நாலு தடவை வளைந்தால் முறிந்துவிடும். பேட்ச்பேக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவாமல் எவனாலும் இருக்க முடியாது. போதாக்குறைக்கு உன்னிடம் இரண்டு பழைய சிந்தசைஸர் இருக்கின்றன, இரண்டும் அன்பேலன்ஸ்டு, ஒரே கம்பியில் சிக்னல் அனுப்புபவை. அவற்றுக்கு ஷீல்ட் கட்டாயம். அந்தச் சுருளை வீட்டு இன்டர்நெட்டுக்கே வைத்துக்கொள்.

அந்த சிந்தசைஸர்களுக்கும் இரண்டு கம்பி கேபிளே போடு. பேட்ச்பே பக்கம் டிப், ரிங், ஸ்லீவ் மூன்றையும் வழக்கம்போல் இணை. சிந்தசைஸர் பக்கம் இரண்டாவது கம்பியையும் ஷீல்டையும் சேர்த்து ஸ்லீவில் வை. திரும்பும் சிக்னல் தனிக் கம்பியில் போகும், பேலன்ஸ்டு இன்புட் தன் வேலையைச் செய்யும். ஒற்றைக் கம்பி கேபிளை விட ஹம் நன்றாகக் குறையும்.

ஷீல்டை இரு முனையிலும் இணைக்கலாமா, ஒன்றில் மட்டுமா என்ற பழைய சண்டையையும் கிளப்பியிருந்தாய். நான் இரு முனையிலும் இணைக்கிறேன். 1995-இல் நீல் மன்சி என்ற ஆடியோ பொறியாளர் எழுதிய கட்டுரையில்தான் இந்தக் குழப்பத்துக்கு விளக்கம் கிடைத்தது. தவறு கேபிளில் இல்லை. ஷீல்ட் வந்து சேரும் ‘பின் 1’-ஐ, அதாவது கனெக்டரின் முதல் முள்ளை, பெட்டியின் உலோகச் சட்டத்தில் இணைக்காமல் உள்ளே சர்க்யூட் போர்டுக்குக் கொண்டு போகும் கருவியில்தான் இருக்கிறது. ஷீல்டில் ஓடும் கரன்ட் அந்த வழியாக நேராக ஆடியோவுக்குள் நுழைகிறது. இதை ஒட்டி 2005-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியிடமிருந்து ஏஇஎஸ்48 என்று தர விதியே வந்தது. அதனால் எல்லாவற்றையும் இணைத்துவிட்டுக் கேள். ஹம் வந்தால் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, குற்றவாளி எது என்று பிடி. அதற்குப் போகும் கேபிளில் மட்டும் ஒரு முனை ஷீல்டை வெட்டு. சில பேட்ச்பேக்களில் எல்லா ஸ்லீவும் இரும்புச் சட்டத்தோடு ஒன்றாக இணைந்திருக்கும். மல்டிமீட்டரை வைத்து உன்னுடையது எப்படி என்று இப்போதே பார்த்துக்கொள்.

மைக் லைன்களை மட்டும் பேட்ச்பேக்குக் கொண்டு வராதே. கெஞ்சிக் கேட்கிறேன். பிளக் உள்ளே நுழையும்போது டிப்பும் ரிங்கும் ஜாக்கின் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக உரசிக்கொண்டு போகும். மைக்குக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் ஃபேன்டம் போட்டிருந்தால் அந்த நொடியில் 48 வோல்ட் ஒரு கம்பியில் மட்டும் பாயும். மெல்லிய உலோக நாடா ஒன்றால் ஒலியைப் பிடிக்கும், இரவல் வாங்கிய ஒரு ரிப்பன் மைக்கை நான் அப்படித்தான் தொங்கப்போட்டேன். ரிப்பன் பழைய ரப்பர் பேண்ட் மாதிரி தளர்ந்து காந்தத்தில் ஒட்டிக் கிடந்தது. கொடுத்தவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்டர்ஃபேஸின் பின்னால் 25 பின் கனெக்டர் இருக்கிறதா என்று எழுது. இருந்தால் எட்டு ஜோடி ஒரே உறைக்குள் வரும் கேபிளைப் போடலாம், பாதி வேலை மிச்சம். எட்டு சேனலுக்கு மும்மூன்றாக 24 பின் போக, 13-ஆவது பின் சும்மா நிற்கும்.

எதை முடிவு செய்தாலும் முழுச் சுருளாக வாங்கிவிடாதே. ஒரு மீட்டர் வாங்கு. இரு முனையையும் உரித்து, சாலிடர் வைத்துப் பார். மலிவான பிவிசி உறை சூடு பட்டதும் சுருங்கிப் பின்வாங்கி, வெறுங்கம்பி இரண்டு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும். அந்தக் கேபிளைத் தூர வைத்துவிடு. சூடு தாங்கும்படி செய்த க்ராஸ்-லிங்க்டு பாலிஎத்திலீன் உறை அசையாமல் நிற்கும். உன் கையே சொல்லிவிடும்.

இன்னும் லேபிள், பிளாஸ்டிக் டைக்குப் பதில் வெல்க்ரோ, கேபிளைத் தாங்கப் பின்னால் ஒரு கம்பிச் சட்டம் என்று எழுத நிறைய இருக்கிறது. ஆனால் மகள் கதவைத் தட்டுகிறாள், அவளுக்கு இன்னொரு அரை மணி நேரம் வேண்டுமாம். உன்னிடம் உள்ள கருவிகளையும், ஒவ்வொன்றுக்கும் ரேக்கிலிருந்து எத்தனை மீட்டர் என்பதையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. அடுத்த மாதம் வரும்போது சாலிடரிங் அயர்னையும் பூதக்கண்ணாடி விளக்கையும் எடுத்து வருகிறேன். நீ உரி, நான் பற்றவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கீபோர்டுக்காரன்

பி.கு.: சாலிடர் வைக்கும் முன் பிளக்கின் மூடியைக் கேபிளில் கோத்துக்கொள். நேற்றுக் கூட மறந்துவிட்டு, பற்றவைத்ததைத் திரும்பக் கழற்றினேன்.