முழு செட்டை முதல் நாளே வாங்க வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குப் படிக்கத் தொடங்குபவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "புத்தகம், சார்ட், கருவி எல்லாம் அடங்கிய செட் இருக்கிறதா?" என்பதுதான். இருக்கிறது. ஆனால் அதை மொத்தமாக விற்க நாங்களே தயங்குகிறோம். செட்டில் உள்ளவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் பழசாகும் என்பதே காரணம்.

பறத்தல் கோட்பாடு, வானிலை இரண்டுக்கும் பழைய பதிப்பே போதும், இரவல் வாங்கினாலும் சரி. விதிகள் புத்தகம் அப்படியல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 17 வயது, 40 மணி நேரப் பறத்தல் (அங்கீகரித்த பயிற்சித் திட்டத்தில் 35) என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் விதிகளைச் சேர்க்கும். எந்த நாட்டில் உரிமம் எடுக்கிறீர்களோ, அந்த நாட்டின் இப்போதைய பதிப்பு மட்டுமே உதவும்.

சார்ட்டுகளின், அதாவது பறப்பதற்கான வரைபடங்களின், ஆயுள் இன்னும் குறைவு. வான்வெளி எல்லைகளும் ரேடியோ அலைவரிசைகளும் மாறிக்கொண்டே இருக்கும். உலகெங்கும் இம்மாற்றங்களை 28 நாள் சுழற்சியில் வெளியிடுகிறார்கள். காலாவதியான சார்ட்டைக் கேட்டால் கோணம் அளந்து பழகத் தருவோம், பறக்க அல்ல.

"ஆப் இருக்கும்போது வட்ட ஃபிளைட் கம்ப்யூட்டர் எதற்கு?" என்றும் கேட்கிறார்கள். அது கையால் திருப்பிக் கணக்குப் போடும் வட்டு. வடக்கே 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் போகிறீர்கள், மேற்கிலிருந்து 20 நாட் காற்று. பாதை விலகாமலிருக்க மூக்கை 11, 12 டிகிரி மேற்கே திருப்ப வேண்டும். தரைவேகம் 98 நாட்டாகக் குறையும். ஆப் விடையை மட்டும் காட்டும். வட்டைத் திருப்பிப் புள்ளி வைக்கும்போதுதான் காற்று எப்படித் தள்ளுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எங்களைக் கேட்டால், செட்டில் முதலில் வாங்க வேண்டியது இதுதான்.

வினா வங்கியைக் கடைசியில் வாங்குங்கள். வெளியே 25 டிகிரி வெயிலிலும் கார்புரேட்டரில் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகம்) பனி படியலாம் என்ற விடையை மனப்பாடம் செய்துவிடலாம். நேர்முகத் தேர்வில் "ஏன்?" என்று கேட்டால், எரிபொருள் ஆவியாவதும் குறுகிய கழுத்தில் அழுத்தம் குறைவதும் உள்ளே வெப்பநிலையை 20 டிகிரிக்கும் அதிகமாகக்கூடக் குறைத்துவிடும் என்று விளக்கத் தெரிய வேண்டும். அது பாடப்புத்தகத்தில்தான் கிடைக்கும்.

விமானக் கையேட்டுக்கு அவசரம் வேண்டாம். எந்த மாடலில் பயிற்சி என்று பள்ளி சொல்லட்டும். எடை, சமநிலைக் கணக்குக்கு அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் ஆவணமே வேண்டும். அதைப் பள்ளியிலேயே பாருங்கள்.

இனி ஆர்டரில் எந்த நாட்டு உரிமம், எந்த மாடல், எழுத்துத் தேர்வு எப்போது என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். சார்ட்டைத் தேவைப்படும் வாரத்தில் தனியாக அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கடையினர்