நடுவில் விடுபட்ட வழி

யாழ்ப்பாணம்,
ஆடி 27.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமைக்கு மேல் ஆகிறது. அது வந்த நேரம் நான் காட்டுக்குள் இருந்தேன், ரெலிபோனில் சிக்னல் இல்லை. கதிர்காமம் போய்ச் சேர்ந்து, மாணிக்க கங்கையில் முழுகிவிட்டுக் கரையில் இருந்தபோதுதான் வாசித்தேன். உடனே பதில் எழுத வேண்டும் போல இருந்தது, ஆனால் இரண்டு காலும் வீங்கிப்போய்க் கிடந்தன, ஊருக்கு வந்தால் வெங்காயம், கிணற்று மோட்டர், மகளின் சோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. குறை நினைக்காதே.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் உன் பசிபிக் கிறெஸ்ற் ட்ரெயில் நடையில், 2021இல் கலிபோர்னியாவில் பிடித்த டிக்ஸி என்ற காட்டுத் தீயால் விட்ட துண்டை இந்த முறை நடந்து முடிக்கப் போனாய், போன இடத்தில் வேறொரு தீ பிடித்து அந்த வழியை மறித்துவிட்டது, அது விளங்குகிறது. ஆனால், "மூடின பகுதி 30 கிலோமீற்றர்தான், இரவில் லைற் போடாமல் நடந்தால் விடிய முன் தாண்டிவிடலாம், இரண்டு பெடியள் அப்படித்தான் போனார்கள்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் தெரியுமா. போகாதே மச்சான். நீ இப்போது சக்ரமென்ரோவில் மகன் வீட்டில் இருந்து ஒவ்வொரு நாளும் தீ வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் தங்கச்சி கோயிலடியில் வைத்துச் சொன்னாள். அங்கேயே இரு.

உனக்கு அந்த நடை எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். முதல் முறை நீ பசிபிக் கிறெஸ்ற் ட்ரெயில் என்று சொன்னபோது, ஏதோ ஒரு கிழமை மலை ஏறுகிற விஷயம் என்றுதான் நினைத்தேன். மெக்சிக்கோ எல்லையில் தொடங்கி கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் என்று மூன்று மாநிலம் கடந்து கனடா எல்லை வரை 4,265 கிலோமீற்றர் என்று பிறகுதான் விளங்கியது. முந்திப் போனால் சியெரா நெவாடாவில் பனி, பிந்திப் போனால் வடக்கே வாஷிங்டனில் பனி, அந்த இரண்டு பனிக்கும் இடையில் கிடைக்கிற ஐந்து மாதத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும், அதே ஐந்து மாதத்துக்குள்தான் ஓடைகள் வற்றுவதும் காடு எரிவதும். மலையில் பனி குறைவாக விழுந்த வருடம் என்றால் இரண்டும் முந்தியே தொடங்கிவிடும். தப்பிப் போக இடமே இல்லாத ஒரு கணக்கு அது.

டிக்ஸி எரித்தது 963,000 ஏக்கர் என்று நீ அப்போது எழுதியிருந்தாய். அந்த எண் எனக்குப் பிடிபடவே இல்லை. பிறகு ஒரு நாள் இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், 3,900 சதுர கிலோமீற்றர் அளவில் வருகிறது. நம் யாழ்ப்பாண மாவட்டம் தீவுகளையும் சேர்த்து 1,025தான். பருத்தித்துறை முனையில் இருந்து நெடுந்தீவு வரைக்கும் உள்ள வீடு, தோட்டம், பனங்கூடல் எல்லாம் நாலு தரம் எரிந்து முடிந்தால் எப்படியோ அப்படி. மூன்று மாதத்துக்கு மேல் எரிந்தது. கிரீன்வில் என்ற ஊர் ஓர் இரவுக்குள் போய்விட்டது. அந்த வருடம் ஓகஸ்ட் மாதக் கடைசியில் கலிபோர்னியாவின் தேசியக் காடுகளை ஏறக்குறைய முழுவதுமாக மூடினார்கள், இரண்டு கிழமைக்கு ஒருவரும் உள்ளே போக முடியாது என்று. நீ நடையின் சரிபாதியைக் காட்டுகிற கம்பத்தைத் தொடாமலே வீட்டுக்குத் திரும்பினாய். அந்தக் கம்பம் இருக்கும் செஸ்ரர் பக்கம்தான் உன் வழியில் விடுபட்ட துண்டு, அதனால்தான் அது உனக்கு இவ்வளவு உறுத்துகிறது.

சரி, இப்போது என் கதையைக் கேள்.

இந்த வருடம் நான் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனேன். முழுக்க இல்லை. தொண்டைமானாற்றில் வேலோடு புறப்பட்ட கூட்டத்தோடு வற்றாப்பளை வரை நடந்தேன், அங்கே அம்மன் பொங்கல் முடிந்த கையோடு வீட்டில் இருந்து அழைப்பு. கிணற்றில் நீர் இறங்கி மோட்டர் காற்று இழுக்கிறது, வெங்காயம் காய்கிறது என்று. திரும்பி வந்துவிட்டேன். சாமிமார் திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில் என்று நடந்து போய்க்கொண்டிருக்க, நான் தோட்டத்தில் இரவில் நின்று தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பஸ் ஏறிப் பொத்துவில் போய், காட்டு விளிம்பில் இருக்கிற உகந்தையில் அவர்களோடு சேர்ந்தேன். ஆகவே என் நடையிலும் நடுவில் பெரிய துண்டு இல்லை மச்சான். உன்னுடையதைவிடப் பெரிய துண்டு.

உகந்தையில் நாலு நாள் காத்திருந்தோம். காட்டுக் கதவு திறக்கும் திகதி முதலில் ஒன்றாகவும் பிறகு இன்னொன்றாகவும் சொல்லப்பட்டது, கையில் இருந்த அரிசியும் காசும் கரைந்தன, வயதானவர்கள் மணலில் படுத்துக் கிடந்தார்கள். எனக்குக் கோபம்தான். முதலே வடிவாகச் சொல்லியிருந்தால் மட்டக்களப்பிலேயே நாலு நாள் ஆறுதலாக இருந்திருப்பார்கள். ஆனால் கதவு ஒன்று இருப்பது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பக்கம் மழை வாடைக் காற்றோடு வந்தால்தான் உண்டு, தென்மேற்கில் இருந்து சோளகம் அடிக்கத் தொடங்கினால் குமண, யால காடு முழுவதும் சுண்டிப்போகும். மிஞ்சுகிற நாலு குளத்துத் தண்ணீருக்குத்தான் யானையும் கரடியும் மானும் வருகின்றன, நாங்களும் அங்கேதான் போகிறோம். யால பூங்காவின் முதலாம் வலயத்தைப் புரட்டாசி தொடங்க ஆறு கிழமை அளவுக்கு மூடுவார்களே, அதுவும் இந்த வரட்சிக்காகத்தான்.

கும்புக்கன் ஆறு வரைக்கும் பிரச்சினை இல்லை. பவுசரில் கொண்டுவந்து தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள், மோர் கொடுத்தார்கள், ஊறுகாய் கொடுத்தார்கள். ஆறு கணுக்கால் அளவில்தான் ஓடியது, ஆனாலும் குளித்தோம். அதற்கு அங்கால்தான் கஷ்டம். நாவலடி தாண்டி வியாழைக்குப் போன அன்று இரவு, நாங்கள் 40 பேர் அளவில் மரத்தடியில் படுத்திருந்தோம். யானை ஒன்று பக்கத்தில் கொப்பு முறிக்கிற சத்தம். கூட்டத்தில் இருந்த ஒரு தம்பி பயத்தில் யானை வெடி ஒன்றைக் கொளுத்தி எறிந்துவிட்டான். அதை ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறான், எங்களுக்குத் தெரியாது. யானை போய்விட்டது. ஆனால் வெடி விழுந்த இடத்தில் புல் பிடித்துக்கொண்டது.

மச்சான், நான் என் வாழ்நாளில் காட்டு நெருப்பைக் கிட்ட நின்று பார்த்தது அன்றுதான். நீ எழுதுவாயே, காய்ந்த புல்லில் தீ நடக்காது ஓடும் என்று. ஒரு பாய் அகலத்துக்கு இருந்தது, நான் எழும்பிச் சாரத்தை இறுக்கிக் கட்டுவதற்குள் ஒரு பந்தல் அகலம் ஆகிவிட்டது. காற்று வேறு. பச்சைக் கொப்பு முறித்து அடித்தோம், சாக்கை நனைத்து அடித்தோம், நனைக்கத் தண்ணீர் வேண்டுமே, எல்லோருடைய தண்ணீர்க் கானையும் திறந்தோம். குடிக்க வைத்திருந்த தண்ணீர், அடுத்த நாளைக்கான தண்ணீர், எல்லாம் அந்தப் புல்லில்தான் போனது. அணைத்துவிட்டோம். முருகன் காப்பாற்றினான். சாம்பலைக் காலால் தட்டித் தட்டி விடியும் வரை ஒருவரும் படுக்கவில்லை.

அடுத்த நாள் வெயிலில் நடந்ததை என்னால் மறக்கவே ஏலாது. கூட்டத்தில் வவுனியாப் பக்கத்து அம்மா ஒருத்தி, எழுபது தாண்டியவர், மிஞ்சிய ஒரே கானைத் தன் தோளில் போட்டுக்கொண்டு சிரட்டையால் அளந்து ஆளுக்கு அரைச் சிரட்டை கொடுத்தார். வெடி கொளுத்திய தம்பிக்கும் அதே அரைச் சிரட்டைதான், ஒரு சொட்டும் குறையவில்லை. அவன் வாங்கிக் குடிக்கும்போது அழுதான். மத்தியானத்துக்குப் பிறகு காய்ந்த ஓடை ஒன்றில் மணலைத் தோண்டி ஊற்றுப் பார்த்தோம், முழங்கை ஆழத்தில் கலங்கலாக ஊறியது. துணியில் வடித்துக் குடித்தோம்.

உன் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்குக் கதை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. 2017இல் ஒரு 15 வயதுப் பையன் பட்டாசு எறிந்து, ஏறக்குறைய 50,000 ஏக்கர் எரிந்து, நடக்க வந்த 150 பேர் அளவில் திரும்ப வழியில்லாமல் அந்த இரவு முழுதும் மலைக்குள் இருந்தார்கள் என்று நீ சொன்னபோது, அமெரிக்கப் பிள்ளைகளின் விளையாட்டுப் புத்தி என்று நான் பேசினேன். எங்களுடைய தம்பிக்கு வயது 24.

இப்போது விளங்குகிறதா, நான் ஏன் போகாதே என்று சொல்கிறேன் என்று? உனக்கு ஏதும் நடந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். மற்றது, உள்ளே ஓர் ஆள் நிற்கிறான் என்று தெரிந்தால் அவனைத் தேடி இன்னொருவன் போக வேண்டும். 2022இல் கிளமத் காட்டில் மக்கின்னி தீ பிடித்தபோது நடைபயணிகள் 60 பேர் அளவில் வெளியே கொண்டுவரப்பட்டார்கள் என்று நீதானே எழுதினாய். அவர்கள் ஒரு பிழையும் செய்யாதவர்கள், தீ பிடிக்க முன்பே உள்ளே இருந்தவர்கள். அதே தீயில் அந்தப் பகுதியில் நாலு பேர் செத்தார்கள். அப்படியான நேரத்தில், மறித்த பிறகு களவாக நுழைந்த ஒருவனுக்காக ஒரு வாகனமும் இரண்டு பேரும் திரும்பினால், அந்த இரண்டு பேர் வேறு யாருடைய வாசலுக்குப் போகாமல் விட்டார்கள் என்று யோசித்துப் பார். எங்கள் தம்பி ஒரு வெடிதான் கொளுத்தினான், 40 பேரின் தண்ணீர் போனது.

தீ அணைந்த பிறகும் ஏன் மாதக்கணக்கில் திறக்கிறார்கள் இல்லை என்று நீ கோபப்பட்டிருந்தாய். அதற்குக் காரணம் எழுதியதும் நீதான், போன வருடத்துக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கரிந்த மரங்கள் நின்றபடி நிற்கும், சும்மா ஒரு காற்றுக்குச் சாயும். வேர் நிலத்துக்குள் எரிந்து போன இடத்தில் மேலே பாதை போலத் தெரியும், கால் வைத்தால் குழி. மழை வந்தால் பிடிப்பில்லாத மண் சரிந்து வரும். வாளோடு போய் அந்த மரங்களை வெட்டி விலத்துவது பெரும்பாலும் சம்பளம் இல்லாத தொண்டர்கள் என்றும் எழுதியிருக்கிறாய். உனக்கு நடக்க முடியாவிட்டால் அவர்களோடு போய் ஒரு கிழமை வேலை செய்யலாமே. நீ சின்ன வயதில் உன் ஐயாவோடு பனை தறித்தவன்.

அங்கே வழியோரம் போத்தலில் தண்ணீர் வைத்துவிட்டுப் போகும் ஆட்களைப் பற்றி எழுதியதையும் திரும்ப வாசித்தேன். பாதைச் சங்கமே அதை நம்பி நடக்க வேண்டாம் என்று சொல்கிறது என்றாய், தெற்கே முதல் 1,100 கிலோமீற்றரும் முன்னே போனவர்கள் எழுதி வைத்த தண்ணீர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் நடந்தாய் என்றாய். எங்களுடைய ஆட்கள் சுமைதாங்கியும் மாடு உரசுகிற ஆவுரோஞ்சிக் கல்லும் கேணியும் மடமும் கட்டி வைத்தது அதே கணக்கில்தானே. வருடம் முழுதும் ஓடுகிற ஆறே இல்லாத ஊரில் நடந்து திரிந்தவர்கள் வேறு எப்படிக் கட்டுவார்கள். இப்போது அவற்றில் பாதி றோட்டு அகலிப்பில் போய்விட்டது, கேணிகளில் குப்பை. பார்க்க வயிறு எரிகிறது.

அந்த வவுனியா அம்மாவிடம் கதிர்காமத்தில் வைத்து, நான் வற்றாப்பளையில் இருந்து உகந்தை வரை நடக்கவில்லை, எனக்கு இது யாத்திரையாகுமோ என்று கேட்டேன். அவர் போர்க் காலத்துக் கதை சொன்னார். வடக்கில் இருந்து நடந்து வர முடியாத வருடங்களில் கப்பலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கி, விட்ட இடத்தில் இருந்து நடந்தாராம், ஒரு வருடம் வரவே முடியாமல் வீட்டு முற்றத்தில் வேல் ஒன்றை நட்டு வைத்துக் கும்பிட்டாராம். தான் நடக்காமல் விட்ட இடங்களை எல்லாம் ஊர் ஊராகப் பெயர் சொன்னார், ஒன்றையும் மறக்கவில்லை. இன்னும் மூன்று துண்டு மிச்சம் இருக்கிறது, கால் இருந்தால் அடுத்த வருடம் ஒன்று என்றார்.

நான் அடுத்த வைகாசியில் வற்றாப்பளையில் இருந்து தொடங்கப் போகிறேன். நீயும் வா. வேலை இருந்தால் ஒரு கிழமைக்காவது வா, வெருகல் வரை சேர்ந்து நடப்போம். புரட்டாசியில் உன் பக்கம் திறந்துவிட்டால் முதலில் அந்தக் கம்பத்தைப் போய்த் தொட்டுவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.

வரும்போது, மடித்து வைக்கக்கூடிய அந்தத் தண்ணீர்ப் பை இரண்டு கொண்டு வா, இரண்டு லீற்றர் பிடிப்பதாகப் பார்த்து. ஒன்று எனக்கு, ஒன்று அந்த வவுனியா அம்மாவுக்கு. உன் வளவுக் கிணற்றைப் போன கிழமை எட்டிப் பார்த்தேன், தண்ணீர் இரண்டு முழம் இறங்கியிருக்கிறது, ஆனால் உவர் ஏறவில்லை. வாளியில் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் கூட்டாளி