வார்த்தவர் பெயர் விடுபட்டிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றம் கூடும் கேபிடல் கட்டடத்தின் குவிமாடத்தில் நிற்கும் ‘சுதந்திரம்’ வெண்கலச் சிலை பற்றிய கட்டுரையைப் படித்தேன். (நியூயார்க் துறைமுகச் சிலை வேறு.) சிற்பி தாமஸ் கிராஃபர்டும் பட்டறை முதலாளி கிளார்க் மில்ஸும் கட்டுரையில் இருக்கிறார்கள். வார்த்த கைகளை ‘அடிமைகள் சிலர்’ என்று கடந்துவிட்டீர்கள். அவர்களில் ஒருவரின் பெயர் அரசுக் கணக்கிலேயே இருக்கிறது: மில்ஸின் அடிமையாக இருந்த பிலிப் ரீட்.

ரோமில் செய்த பிளாஸ்டர் மாதிரி ஐந்து பெரிய துண்டுகளாக 1859இல் வாஷிங்டன் வந்து சேர்ந்தது. இத்தாலியக் கைவினைஞர் ஒருவர் அதைப் பூட்டி நிறுத்தினார். போல்ட்டெல்லாம் உள்ளே; இணைப்புகளின் மேல் பிளாஸ்டர் பூசி மெழுகியதால் துண்டுகள் எங்கே சேர்கின்றன என்றே தெரியாது. பட்டறைக்குக் கொண்டுபோகக் கழற்ற வேண்டியபோது, கூலியைக் கூட்டினால்தான் ஆச்சு என்று அவர் நின்றுவிட்டார். வழி கண்டவர் ரீட். தலை உச்சியிலிருந்த இரும்பு வளையத்தில் கப்பிக் கயிற்றை மாட்டி மெல்ல மெல்ல மேலே இழுக்க, பூச்சு விட்டு முதல் இணைப்பு கோடாகத் தெரிந்தது. பிறகு அடுத்தது. வெடுக்கென்று இழுத்திருந்தால் பிளாஸ்டரே பிளந்திருக்கும். இது மில்ஸின் மகன் பின்னாளில் சொன்ன தகவல்.

ரீடின் கூலிக் கணக்கு இன்னும் உறுதியான சான்று. 1860 ஜூலை முதல் 1861 மே வரை 33 ஞாயிற்றுக்கிழமைகள், நாளுக்கு 1.25 டாலர், ஆக மொத்தம் 41.25. வேலை, அச்சுகளுக்கு அடியில் நெருப்பு அணையாமல் காப்பது. விறகு தள்ளுகிற வேலைதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். அச்சிலோ, சிலையின் உட்புறம் வெற்றிடமாக வர அதற்குள் வைக்கும் உள்ளச்சிலோ ஈரம் நின்றால், உருகிய வெண்கலம் பட்டதும் அது ஆவியாகும். வெளியேற வழியில்லாத ஆவி உலோகத்துக்குள் குமிழாகத் தங்கி ஓட்டை விழும்; ஈரம் அதிகமென்றால் உலோகம் சீறித் தெறித்து ஆளையே சுடும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினாலோ அச்சு வெடிப்பு விடும். சூட்டை ஒரே சீராக நாள்கணக்கில் நிறுத்துவதற்குக் கைப்பழக்கமும் கண்ணும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூலி மட்டும்தான் ரீடுக்கு; மற்ற ஆறு நாள் கூலி மில்ஸுக்குப் போனது.

1862 ஏப்ரல் 16 அன்று வாஷிங்டனில் அடிமைமுறை ஒழிந்தது. உடைமை போனதற்கு இழப்பீடு கேட்டு மில்ஸ் மனுப் போட்டார். ரீடைச் சார்ல்ஸ்டனில் 1,200 டாலருக்கு வாங்கியதே இந்தத் தொழிலில் அவருக்கிருந்த திறமையைப் பார்த்துத்தான் என்று அதில் அவரே எழுதியிருக்கிறார். கேட்டது 1,500 டாலர், கிடைத்தது 350.40. ரீட் தன் 41.25 டாலரை ஜூன் 6 அன்று வாங்கினார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

19 அடி 6 அங்குல உயரம், 15,000 பவுண்டு எடையுள்ள அந்தச் சிலையின் தலைப்பகுதி 1863 டிசம்பர் 2 அன்று மேலே ஏறியபோது ரீட் சுதந்திர மனிதர்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். படக்குறிப்பில் கிராஃபர்ட், மில்ஸ் பெயர்களோடு ‘வார்ப்பு வேலையில் பிலிப் ரீட்’ என்றும் சேருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை