மகளுக்கு ஒரு கடிதம்: ஃப்ரேசல் வெர்ப் பற்றி

புதுச்சேரி

அன்புள்ள யாழினிக்கு,

லண்டன் அலுவலகத்தில் உன் ஆங்கிலம் விறைப்பாக இருக்கிறது என்கிறார்களாமே, வருந்தாதே கண்ணு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறியது. வீட்டுப் பேச்சில் பழைய ஆங்கில வினைகளே நின்றன. லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த உனக்கு, பிரெஞ்சிலிருந்து வந்த 'டாலரேட்', 'கன்டின்யூ' தானாக வரும். அங்குள்ளவர்கள் பேசும்போது 'புட் அப் வித்', 'கோ ஆன்' என்பார்கள். இப்படி வினையோடு சின்னச் சொல் சேர்ந்து ஒரே பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப்.

இவற்றுக்குப் பிரெஞ்சில் இணை தேடாதே, வீட்டுத் தமிழில் தேடு. 'ஈட் அப்', 'யூஸ் அப்' என்பவற்றில் 'அப்' மேலே போவதைச் சொல்லவில்லை. முழுதாக முடிந்ததைச் சொல்கிறது. 'தின்றுவிடு' என்பதில் 'விடு' செய்யும் வேலை அது. 'தள்ளிப்போடு' என்பதில் தள்ளுவதும் இல்லை, போடுவதும் இல்லை. 'புட் ஆஃப்' அப்படித்தான். அசைவு வினைகளில் மட்டும் தமிழும் கைகொடுக்காது. நாமும் பிரெஞ்சுக்காரர்களும் 'ஓடி இறங்கினாள்' என்போம், இறங்குவதுதான் முக்கிய வினை. ஆங்கிலத்தில் ஓடுவது வினையாகி, இறங்குவது 'டவுன்' என்ற சின்னச் சொல்லுக்குள் போய்விடும்: 'ரன் டவுன்'.

'புட்' என்று தலைப்பிட்டு ஆஃப், அவுட், ஆன் எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்காதே, குழம்பும். நோட்டில் எழுதும்போது 'இட்' சேர்த்தே எழுது: 'டர்ன் இட் ஆஃப்', 'லுக் இன்டு இட்'. பிரியும் வினையா, பிரியாததா என்பது அதிலேயே தெரிந்துவிடும். 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. 'டர்ன் ஆஃப் இட்' தவறு.

அழுத்தத்தையும் கவனி. 'த கார் ப்ரோக் டவுன்' என்றால் அழுத்தம் 'டவுன்' மேல். 'எ ப்ரேக்டவுன்' என்று பெயர்ச்சொல்லானால் 'ப்ரேக்' மேல். பிரெஞ்சுப் பழக்கம் எப்போதும் கடைசி அசைக்கே இழுக்கும், அதனால் பெயர்ச்சொல்லில்தான் சறுக்குவாய். பிரெஞ்சில் காத்திருப்பதற்கும் கேட்பதற்கும் இடைச்சொல் வேண்டாம் என்பதால் 'வெயிட் த பஸ்', 'லிசன் த ரேடியோ' என்றும் வந்துவிடும். 'ஃபார்', 'டு' விடாதே.

அறிக்கையில் 'புட் ஆஃப்' என்பதற்குப் பதில் 'போஸ்ட்போன்' என்றே எழுது, அங்கே அது பொருத்தம். மின்னஞ்சல் முடிவில் 'லுக் ஃபார்வர்ட் டு' வந்தால் அடுத்து 'மீட்டிங்' என்றுதான் வரவேண்டும், 'மீட்' அல்ல. அந்த 'டு' இடைச்சொல்.

அன்புடன்,
அம்மா