கை உதறல் நிண்டதுக்குக் காரணமான ஆக்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கம் மேசன் வேலை செய்யுறவன். என்னைத் தெரிஞ்ச ஆக்களுக்கு என்ர குடியையும் தெரியும், அதால அந்தக் கதையை நீட்டேல்லை. சாராயம், கள்ளு, கசிப்பு எண்டு பேதம் பாக்கேல்லை, போயா எண்டு தவறணை பூட்டினாலும் எங்க எடுக்கலாமெண்டு தெரியும், அவ்வளவு போதும்.

முதல் நன்றி ஓட்டோக்கார அண்ணைக்கு. நான் என்ர பாட்டில "இண்டையோட விட்டாச்சு" எண்டு வீட்டில படுத்திட்டன், பேந்து பாத்தா கையும் காலும் உதறி, வேர்த்து ஊத்தி, சுவர் முழுக்கப் பூச்சி ஊருது எண்டு கத்தினனாம். மாமி பேய் பிடிச்சிட்டுது, ஐயரைக் கூப்பிடுவம் எண்டு நிக்கிறா. அண்ணைதான் "உது பேயில்லை மாமி, சடாரெண்டு நிப்பாட்டினா வாறது, எங்கட அப்பருக்கும் வந்தது" எண்டு சொல்லி அலாக்காத் தூக்கி ஓட்டோவில போட்டுக்கொண்டு ஆசுபத்திரிக்குப் பறந்தவர். வாடகைக் காசு இண்டைக்கும் வாங்கமாட்டன் எண்டுறார்.

வாட்டில இருந்த டொக்டர் என்ர மனிசியை இருத்தி வச்சு விளங்கப்படுத்தினவர். கனகாலம் குடிச்சா மூளை அதுக்குப் பழகிப்போயிடுமாம், ஒரேயடியா நிப்பாட்டினா முதல் 2, 3 நாளுக்குள்ள வலிப்பு வரலாம், கவனிக்காட்டி உயிரும் போகலாம், அதால மருந்து குடுத்து அந்த மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கவேணுமாம். விற்றமின் பி1 ஊசியும் போட்டவை, குடிக்கிற ஆக்களுக்கு அது குறைஞ்சா நடை தள்ளாடி ஞாபகமும் போயிடுமெண்டு சொன்னவை. ஏன் இவ்வளவு விவரமா எழுதுறனெண்டா, "மனசு வச்சா விடலாம்" எண்டு செத்தவீட்டுப் பந்தலுக்கை இருந்து புத்தி சொல்லுற பெரியாக்கள் எங்கட பக்கம் கனபேர். மனசு வேணும்தான், ஆனா வலிப்பு மனசைக் கேட்டு வாறேல்லை. விட நினைக்கிறவை தனிய விடாதேங்கோ, ஆசுபத்திரிக்குப் போங்கோ. வெக்கமா இருந்தா தேசிய மனநல நிறுவனத்தின்ர 1926க்கு அடிச்சுக் கதையுங்கோ.

இரவு நிண்ட மிஸி அக்கா, நீங்கள் இதை வாசிப்பியளோ தெரியாது, நான் படுக்கையை நாசமாக்கின நேரம் முகஞ்சுளிக்காமல் "எழும்பு தம்பி, மாத்துவம்" எண்டீங்கள், அவ்வளவுதான், அது காணும்.

வீட்ட வந்தாப்பிறகுதான் வில்லங்கம். பின்னேரம் ஆறு மணியானா உடம்பு தானா றோட்டைப் பாக்கும். அந்த நேரம் பாத்து முள்ளியவளையில இருந்து ஒரு ஐயா சைக்கிளில வருவார், அவரும் ஒருகாலம் மொடாக்குடியர். புத்தி சொல்லமாட்டார், தன்ர கதையைச் சொல்லுவார், நான் என்ரயைச் சொல்லுவன், பிளேன்டீ குடிச்சிட்டுப் போவார். 1935ல அமெரிக்காவில பில் வில்சன் எண்டொருத்தரும் பொப் ஸ்மித் எண்ட டொக்டரும், ரெண்டு பேருமே குடிகாரர், இப்பிடி ஆளோட ஆள் கதைச்சுத்தான் ஏஏ (அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்) எண்ட, குடியை விடுற ஆக்களின்ர இயக்கமே துவங்கினதாம். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கட சங்கத்தில அவரும் நானும் தான், கூட்டம் வேப்பமரத்துக்குக் கீழ.

எங்கட பாஸ், உதறுற கையோட வந்தவனைத் திருப்பி அனுப்பாமல் பூச்சு வேலைக்கு விடாமல் கல்லு நனைக்கவும் மண் அரிக்கவும் விட்டீங்கள், சனிக்கிழமைச் சம்பளத்தை நான் கேட்டபடி மனிசியின்ர கையில குடுத்தீங்கள். பெடியள் சிரிச்சாங்கள்தான். சிரிக்கட்டும்.

மனிசிக்கு இதில என்னத்தை எழுதிறது, அவ இப்பவும் நான் வந்தா கிட்ட வந்து மணந்து பாக்கிறா, அது அவவின்ர உரிமை. தாலிக்கொடி இன்னும் அடகில, கடனும் கிடக்கு, ஈரல் கிளினிக்கும் போகவேணும். எண்டாலும் காலமை எழும்பேக்க நேற்று இரவு என்ன செய்தனெண்டு ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லாமல் இருக்கே, பழஞ்சோறும் சம்பலும் வயித்தில தங்குதே, மகள் கணக்குக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில வந்து இருக்கிறாளே, எனக்கு இதுக்கு மேல பெரிசா ஒண்டும் வேண்டிக் கிடக்கேல்லை. இந்த வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பமாப் போய்க் குடும்பமாவே திரும்பி வந்தம், முந்தி அவையள் மட்டும்தான் திரும்பிறவை.

ஓட்டோ அண்ணை, காசு வாங்காட்டிப் பரவாயில்லை, உங்கட முன்மதில் பூசாமல் கிடக்கெண்டு தெரியும். சீமெந்தும் மண்ணும் எடுத்துப் போடுங்கோ, ஞாயிற்றுக்கிழமை வாறன்.